பிறர் உறக்கத்துக்குச் சாட்சி

தன் உறக்கத்தைத் தானே காண எவராலும் இயலாது என்பதால், அதில் கோளாறு உண்டா என்று அறிய வேண்டிய தேவை எழும்போது, விழித்திருக்கும் இன்னொருவர் வேண்டியிருக்கிறார். அமெரிக்க மருத்துவமனைகளிலும் தனி மையங்களிலும் இயங்கும் உறக்க ஆய்வகங்களில் இவ்வாறு விழித்திருப்பதையே தொழிலாகக் கொண்டவர் உறக்க ஆய்வுத் தொழில்நுட்பர். மாலை ஏழு மணியளவில் பணிக்கு வந்து காலை ஏழு மணியளவில் வீடு திரும்பும் இவர், பெரும்பாலும் ஓரிரவில் இரண்டு நோயாளிகளைக் கவனித்துக்கொள்கிறார். இத்தொழிலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரவுப்பணி உடலுக்குத் தரும் துன்பத்தோடு முடிந்துவிடுகிறது. அத்துன்பம் உண்மையே எனினும், அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்று இங்கே உண்டு: உறக்கம் கெட்டால் என்ன நேரும் என்பதைப் பிறர் உடலில் அளந்து அறிந்த ஒருவர், அந்த அளவீட்டுக்காகவே தம் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்வது எத்தகைய வாழ்க்கை?

மூளை, கண், தசை, இதயம், மூச்சு ஆகியவற்றின் இயக்கத்தை இரவு முழுதும் ஒருசேரப் பதியும் ஆய்வுக்குப் பாலிசோம்னோகிராஃபி என்று பெயர். அளவுநாடாவால் தலையை அளந்து, மூக்கின் மேற்குழியிலிருந்து பிடரிப் புடைப்பு வரையுள்ள தூரத்தை 10, 20 விழுக்காடுகளாகப் பகுத்து, குறித்த புள்ளிகளில் மின்முனைகளைப் பசையால் ஒட்டுவதில் பணி தொடங்குகிறது. 1958-இல் ஹெர்பர்ட் ஜாஸ்பர் வெளியிட்ட இம்முறை இன்றும் 10-20 முறை என்றே வழங்குகிறது. கண்ணோரங்கள், மோவாய், கீழ்க்கால்களின் முன்புறம் ஆகியவற்றிலும் மின்முனைகள் ஒட்டப்பட்டு, மார்பிலும் வயிற்றிலும் பட்டைகளும், மூக்கில் குழாயும், விரலில் ஆக்சிஜன் அளவியும் பொருத்தப்பட்டபின், கண்களை மட்டும் இடமும் வலமும் அசைக்கவும், பற்களைக் கடிக்கவும், பாதத்தை மடக்கவும், சற்றே மூச்சைப் பிடிக்கவும் ஒலிபெருக்கி வழியே நோயாளியிடம் சொல்லி, ஒவ்வொரு கோடும் உரியவாறு அசைகிறதா என்று தொழில்நுட்பர் சரிபார்க்கிறார். விளக்கு அணைந்தபின் இரவு முழுவதும் 30 நொடிக் கூறுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு கூறும் எப்போக் எனப்படும். நொடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடிய பழைய பதிவுத்தாளின் ஒரு பக்கம் 30 சென்டிமீட்டர் அகலம் கொண்டிருந்ததே இந்த அளவுக்குக் காரணம். தாள் மறைந்து கணினித்திரை வந்தபின்னும் அந்தப் பக்கத்தின் அகலமே உறக்கத்தின் அலகாக நீடிப்பது, அறிவியலிலும் பழக்கத்தின் பிடி எவ்வளவு உறுதியானது என்பதைக் காட்டுகிறது.

இரவெல்லாம் ஒருவர் கண்விழிப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு இத்துறையின் வரலாறே விடை தருகிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நதானியல் கிளைட்மனிடம் ஆய்வு மாணவராக இருந்த யூஜீன் அசெரின்ஸ்கி, தம் எட்டு வயது மகனின் தலையில் மின்முனைகளைப் பொருத்தி இரவில் பதிவு செய்தபோது, பேனாக்கள் திடீரென வேகமாக அலைவதைக் கண்டு, சிறுவன் விழித்துக்கொண்டான் என்று கருதி அறைக்குள் சென்று பார்க்க, அவனோ ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். கண்கள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் இந்நிலையை இருவரும் 1953-இல் அறிவித்தனர். கனவு மிகுந்த இக்கட்டத்துக்கு ஆர்.இ.எம். உறக்கம் என்று பின்னர் பெயர் நிலைத்தது. உறங்குபவரிடத்தில் புதிதாக ஒன்றும் நிகழாது என்ற எண்ணத்தோடு கருவியை நிறுத்திவிட்டு வீட்டுக்குச் செல்பவருக்கு அது புலப்பட்டிருக்காது.

இதே உறக்கக் கட்டத்தில்தான் தொழில்நுட்பரின் இரவும் கடினமாகிறது. ஆர்.இ.எம். உறக்கம் இரவின் பிற்பகுதியில், குறிப்பாக விடியலை ஒட்டிய மணிகளில், மிகுந்து வருவது. அப்போது மூச்சுக்கான உதரவிதானமும் கண்தசைகளும் நீங்கலாக உடலின் பெரும்பாலான தசைகள் செயலற்றுத் தளர்வதால், தொண்டைத் தசைகள் தொய்ந்து மூச்சுவழி அடைபடும் ஸ்லீப் ஆப்னியா என்னும் உறக்க மூச்சடைப்பு பலருக்கு அக்கட்டத்திலேயே கடுமையாகிறது. குறைந்தது 10 நொடி மூச்சோட்டம் ஏறக்குறைய நின்றுவிடுவதை ஓர் அடைப்பாகக் கொண்டு, முழு அடைப்புகளையும் பகுதி அடைப்புகளையும் சேர்த்து மணிக்கு எத்தனை என்று எண்ணும்போது, ஐந்தைத் தாண்டினால் நோய் என்றும் முப்பதைத் தாண்டினால் கடுமை என்றும் வகுக்கின்றனர். ஆனால் அதே மணிகளில்தான், விழித்திருப்பவரின் உடல் வெப்பநிலை நாளின் மிகத் தாழ்ந்த அளவுக்கு இறங்கி, அவரது கவனமும் மங்குகிறது. நோயாளிக்குக் காவல் மிகவும் தேவைப்படும் நேரமும் காவலர் உடல் மிகவும் தளரும் நேரமும் ஒன்றாக அமைவது தற்செயலன்று. இருவரின் உடலையும் ஆள்வது ஒரே வகை உயிர்க்கடிகாரம், அதற்கு எவர் கட்டிலில் இருக்கிறார், எவர் நாற்காலியில் இருக்கிறார் என்ற வேறுபாடு தெரியாது. ஆகவே இத்தொழிலில் பொறுப்புணர்வு என்பது, உடல் ஒத்துழைக்காத மணியில் எழுந்து சென்று, 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய சிபாப் என்னும் காற்றழுத்தக் கருவியின் முகமூடியை உறங்குபவர் விழிக்காதபடி சரிசெய்வதே ஆகும்.

சாட்சியாக இருப்பவருக்கு மௌனமும் விதிக்கப்பட்டிருக்கிறது. நோயைக் கண்டறிந்து சொல்லும் உரிமை மருத்துவருடையது என்பதால், இரவு முழுதும் ஒருவர் மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்திருந்தும், காலையில் அவர் ‘எப்படி இருந்தது?’ என்று கேட்கும்போது தொழில்நுட்பர் முடிவு எதையும் சொல்வதில்லை. சிலர் கண்ணையே மூடவில்லை என்று உறுதியாகச் சொல்ல, பதிவிலோ பல மணிநேர உறக்கம் தெளிவாகத் தெரிகிறது. இங்கே கருவி சொல்வதே உண்மை, மனிதர் சொல்வது பிழை என்று தீர்ப்பது எளிது, ஆனால் முறையன்று. மூளை அலைகள் காட்டுவது உறக்கத்தின் ஒரு முகத்தை மட்டுமே. உறங்கியதாகவே உணராதவரின் களைப்பு பதிவில் இல்லை என்பதற்காக இல்லாமல் போய்விடாது.

தொழில்நுட்பரின் சொந்த உறக்கத்துக்கு வருவோமானால், இரவுப்பணிக்கு உடல் காலப்போக்கில் பழகிவிடும் என்ற நம்பிக்கையே முதலில் ஐயத்துக்குரியது. 1938-இல் கிளைட்மனும் அவர் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனும் கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைக்குள், சூரிய ஒளி புகாத ஓரிடத்தில், 28 மணிநேரத்தை ஒரு நாளாகக் கொண்டு 32 நாட்கள் வாழ்ந்து பார்த்தனர். இளைஞரான ரிச்சர்ட்சனின் உடல்வெப்பச் சுழற்சி புதிய நாளுக்கு இசைந்தது. நாற்பதைக் கடந்திருந்த கிளைட்மனின் உடலோ பழைய 24 மணிநேரக் கணக்கையே விடாது பற்றியிருந்தது. குகையிலேனும் ஒளியின் குறுக்கீடு இல்லை. வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் விழித்து, எஞ்சிய நாட்களில் குடும்பத்தோடும் ஊரோடும் பகலில் வாழத் திரும்பும் தொழில்நுட்பரின் உடலுக்கு, பணி முடிந்து வீடு செல்லும் வழியிலேயே காலை வெயில் ‘இது பகல்’ என்று அறிவித்துவிடுகிறது. இரவுக்கும் பழகாமல், பகலுக்கும் மீளாமல், இரண்டுக்கும் நடுவே அது நிற்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இலும் மீண்டும் 2019-இலும் இரவுப்பணியைப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியதாகக் கருதத்தக்கவற்றின் வரிசையில் வைத்ததை இத்துறையினர் நன்கு அறிவர்.

அறிந்திருந்தும் அவ்வறிவு அவர்களைக் காப்பதில்லை. தடித்த திரைச்சீலை, காலையில் கறுப்புக் கண்ணாடி, நள்ளிரவுக்குப்பின் காப்பியைத் தவிர்த்தல் என்று வழங்கப்படும் அறிவுரைகள் பயனற்றவை அல்ல. எனினும் அவை பணிநேர அமைப்பின் சுமையைத் தனிமனித ஒழுக்கத்தின் மீது ஏற்றிவிடுகின்றன. பகலில் உறங்கும் தாயின் கதவைத் தட்டாதிருக்கக் கற்கும் குழந்தையும், கூரியர்க்காரரின் அழைப்புமணியை நிறுத்திவைக்கும் துணைவரும் அச்சுமையைப் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதும், அது எந்த ஊதியப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை என்பதும் பேசப்பட வேண்டியவை. பிறருக்காக விழிப்பது உயர்ந்தது என்று புகழ்வது எளிது. அப்புகழ்ச்சி பெரும்பாலும், அடுத்தடுத்த இரவுகளை எத்தனையோடு நிறுத்துவது, ஓய்வுநாட்களை எவ்வாறு சேர்த்துத் தருவது என்ற கணக்குகளுக்கு மாற்றாகவே வழங்கப்படுகிறது.

அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடு 2008-இல் வீட்டிலேயே செய்யும் உறக்கச் சோதனையை ஏற்றபின், எளிய மூச்சடைப்பு உடையோர் பலர் சிறு கருவியைக் கையோடு கொண்டுபோய்த் தம் படுக்கையிலேயே உறங்குகின்றனர். ஆய்வகத்துக்கு வருவோரில் இதயம் தளர்ந்தவர், நரம்புத்தசை நோயுடையவர், உறக்கத்தில் எழுந்து கைகால் வீசுபவர், சிறுகுழந்தைகள் போன்றோரின் பங்கு கூடிவருகிறது. பதிவைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் வேலையை மென்பொருள் மெல்ல ஏற்றுக்கொண்டாலும், அத்தகைய நோயாளி அதிகாலை நான்கு மணிக்கு முகமூடியைப் பிடுங்கி எறியும்போது அறைக்குள் போக வேண்டியவர் மனிதரே என்பதால், இரவுகளின் எண்ணிக்கை குறையலாம். ஒவ்வோர் இரவின் பளுவோ கூடிக்கொண்டிருக்கிறது.