ஈரம் காட்டாத கசிவு

ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது. தரையில் சொட்டு இல்லை. இரவு வண்டிக்கடியில் விரித்த செய்தித்தாள் காலையில் காய்ந்தே கிடக்கிறது. ஆனாலும் சில நாளுக்கொருமுறை மூடியைத் திறந்து பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கிறது.

வண்டி, தொண்ணூறுகளில் வந்த டீசல் அம்பாசடர். 1489 சிசி என்ஜின். உத்தரபாரா ஆலையில் 2014-இல் உற்பத்தி நின்றுபோனாலும் சென்னையில் உதிரி பாகம் கிடைக்கிறது. வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன. அதனால் அவசரமில்லை. பொறுமையாகப் பார்க்கலாம்.

*

முதலில், எது கசிவு, எது கசிவல்ல என்று பிரிக்க வேண்டும். இந்த வண்டியில் ரிசர்வ் பாட்டில் கிடையாது. சாதாரணச் சூட்டிலிருந்து கொதிநிலை வரை போகும்போது தண்ணீர் ஏறக்குறைய 4 சதவீதம் விரியும். கழுத்துவரை நிரப்பினால் அந்த மிகுதி ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகத் தரைக்குப் போய்விடும். ஆறியபின் மட்டம் கீழே தெரியும். பதறி மறுபடி நிரப்பினால் மறுபடி வெளியே தள்ளும். நிரப்பாமல் விட்டுப் பார்த்தேன். ஓர் அளவுக்கு இறங்கி அங்கேயே நின்றிருந்தால் வேலை அன்றோடு முடிந்திருக்கும். நிற்கவில்லை. மேலும் இறங்கியது.

ஆக, எங்கோ போகிறது.

*

ஆறிய என்ஜின் ஒன்றைக் காட்டும், சூடான என்ஜின் வேறொன்றைக் காட்டும். காலையில், வண்டியைக் கிளப்பும் முன், ஹோஸ் முனைகளைத் தடவிப் பார்க்க வேண்டும். பழைய ரப்பர் கெட்டிப்பட்டுப் போயிருந்தால் ஆறியபோது கிளிப்புக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி விழும். சூடேறியதும் தானே மூடிக்கொள்ளும். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வரட்டும் என்று வேண்டுமென்றே வைத்த துளை அது. அங்கே ஈரம் கண்டால் துளையை அடைக்கக் கூடாது, பம்ப்பைத்தான் மாற்ற வேண்டும். விரலை விட்டுப் பார்த்தேன். காய்ந்த தூசி.

சூட்டில் நடப்பது வேறு. மூடியின் ஸ்பிரிங் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தத்துக்கும் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி கூடும். அதனால்தான் சூடான ரேடியேட்டரைத் திறக்கவே கூடாது. அழுத்தம் இறங்கிய நொடியில் உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் பீய்ச்சியடிக்கும். துணியைப் போட்டு மெல்லத் திருகலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் மாட்டேன். ஆறட்டும்.

*

பயப்பட வேண்டியது ஹெட் கேஸ்கெட்டுக்கு. அது போனால் தண்ணீர் சிலிண்டருக்குள்ளே இறங்கி ஆவியாகிப் புகையோடு போய்விடும். வெளியே தேடுவதில் பயனில்லை. டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் கறுப்பாகவே இருந்தது, பால் கலந்த நிறம் இல்லை. ஆறிய என்ஜினில் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பியபோது ரேடியேட்டர் கழுத்தில் குமிழி வரவில்லை. புகைக்குழாயில் வெள்ளைப் புகையும் இல்லை. மனசு லேசானது.

*

மஞ்சள் தூள் போடச் சொன்னார் பக்கத்து வீட்டு ஓட்டுநர். நெடுஞ்சாலையில், நடு இரவில், ஊர் போய்ச் சேர வேண்டும் என்றால் நானும் போடுவேன். ஓட்டையில் போய் அது அடைத்துக்கொள்வது உண்மை. ஆனால் ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்க மஞ்சளுக்குத் தெரியாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். போர்வெல் தண்ணீர் ஊற்றி ஏற்கெனவே உப்பு கட்டிய குழாய்களில் இதுவும் சேர்ந்தால், கசிவு நின்று சூடு ஆரம்பிக்கும். முட்டை வெள்ளைக் கருவுக்கும் இதே பதில்தான்.

*

டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்து அடித்தபோது தெரிந்தது. மேல் டேங்க்கும் தகடும் சேரும் விளிம்பில், ஓட்டுநர் பக்க மூலையில், பச்சையும் வெள்ளையுமாக ஒரு படிவு. உப்புப் பூத்த சுவரைப் போல. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. கீழே பித்தளை தெரிந்தது.

இப்போது எல்லாம் பொருந்தியது. சூடேறி அழுத்தம் வந்தால்தான் அந்த மூலை திறக்கிறது. வெளிவரும் துளி சூடான கோர் மேல் இறங்கியதுமே ஆவியாகிறது. பின்னாலிருந்து ஃபேன் இழுக்கும் காற்று மிச்சத்தையும் கொண்டுபோகிறது. நீர் போய்விட, அதில் கரைந்திருந்தது மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. தரைக்கு வர ஒன்றுமே மிச்சமில்லை. செய்தித்தாள் பொய் சொல்லவில்லை.

*

புதுப்பேட்டைப் பக்கம் ரேடியேட்டர் கடை. பெரியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். படிவைப் பார்த்ததும், “ஈரத்தத் தேடுனா கிடைக்காது சார். காஞ்சதப் பாக்கணும்” என்றார். அதைச் சொல்லிக்கொண்டே ஹோஸ் வாய்களை ரப்பர் அடைப்பான்களால் மூடி, காற்றுக் குழாயைச் சொருகி, ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். அதே மூலையிலிருந்து ஊசி முனையளவு குமிழிகள் வரிசையாக எழுந்தன. வேறெங்கும் இல்லை. தொட்டி கலங்கல் அடங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு ஓட்டை இருந்தால் அதுவும் தெரியட்டும் என்று காத்திருந்தார்.

அடுத்த வேலையை நின்று பார்த்தேன். கம்பி பிரஷ்ஷால் பித்தளை பளபளக்கும்வரை தேய்த்தார். ஆசிட் தடவினார். அடுத்தடுத்த பற்றுகளின் மேல் ஈரத் துணியைச் சுற்றினார். வெள்ளீயமும் ஈயமும் கலந்த பற்று சுமார் 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். சுடர் கொஞ்சம் தள்ளிப் போனாலும் நன்றாக இருக்கும் பக்கத்துப் பற்று கழன்றுவிடும். சுடரைக் காட்டி எடுத்து, காட்டி எடுத்து, ஈயக் குச்சியை வைத்தார். ஒரு கணம் திரண்டு நின்ற ஈயம் சட்டென்று இடுக்குக்குள் இழுபட்டு மறைந்தது. “இப்ப புடிச்சிச்சு” என்றார். மேலே பூசுவதல்ல, உள்ளே இறங்குவதுதான் பற்று.

செம்பும் பித்தளையுமான ரேடியேட்டர் என்பதால் இது முடிந்தது. அலுமினியக் கோரும் பிளாஸ்டிக் டேங்க்கும் கொண்ட இன்றைய ரேடியேட்டர்களை இப்படிப் பற்ற வைக்க முடியாது. பெரும்பாலும் முழுசாக மாற்றித்தான் ஆக வேண்டும். எடை குறைவு, விலை குறைவு என்பதெல்லாம் சரி. பழுது பார்க்க முடியாத பொருளை மலிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

*

மாட்டும்போது மூடியும் புதிது, கிளிப்புகளும் புதிது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. மூடாமலே என்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன். தெர்மோஸ்டாட் திறந்ததும் ஹோஸ் கையில் சுட்டது. மட்டம் சட்டென்று இறங்கியது. மீண்டும் ஊற்றி மூடினேன்.

வடித்த பழைய கூலன்ட்டை வாளியோடு மூடி வைத்திருக்கிறேன். எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். தெருநாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். பூனைக்கு இன்னும் குறைந்த அளவே போதும். கீழே சிந்திய இடத்தைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினேன். வேலையில் இதுவும் சேர்த்தி.

*

திண்டிவனம் வரை போய்வந்தாயிற்று, உச்சி வெயிலில். மறுநாள் காலை, ஆறிய என்ஜின்: மட்டம் இருந்த இடத்தில் இருக்கிறது. சுரண்டிய மூலையில் புதிய படிவு இல்லை. கீழ் ஹோஸ் மட்டும் விரலுக்குக் கெட்டியாகப் படுகிறது. கசியவில்லை, ஆனாலும் புதுப்பேட்டைக்கு அடுத்த முறை போகும்போது ஒன்று வாங்கி வர வேண்டும்.