லோட் பட்டன் இல்லாத வாக்கு

நேராகக் கேள்விக்கே வருகிறேன். நாம் கொடுத்த வாக்கு எதிரில் இருப்பவருக்கு ஞாபகமே இருக்காது என்று உறுதியாகத் தெரிந்தால், அதை மீறுவது தப்பா?

இந்தக் கேள்வி எனக்குப் பாடப்புத்தகத்திலிருந்து வரவில்லை. ஜப்பானியக் காதல் விளையாட்டு ஒன்றிலிருந்து வந்தது. சிரிக்காதீங்க, கொஞ்சம் கேளுங்க.

ஜப்பானில் 'விஷுவல் நாவல்' என்று ஒரு வகை உண்டு. படக்கதையும் கணினி விளையாட்டும் கலந்தது. திரையில் ஒரு பாத்திரம் நிற்கும், கீழே வசனம் ஓடும், பின்னால் இசை கேட்கும். நடுநடுவே கதை நின்று, "இப்போ என்ன செய்யப் போற?" என்று இரண்டு மூன்று வழிகளைக் காட்டும். நாம் ஒன்றைத் தட்டினால் கதை அந்தப் பக்கம் திரும்பும். நிரல் எழுதிப் பழகியவர்களுக்கு உடனே புரியும், எல்லாம் 'இஃப்-எல்ஸ்' கணக்குதான். இதற்கு நெருங்கிய உறவுதான் கொனாமி நிறுவனம் 1994-இல் வெளியிட்ட 'தொக்கிமெக்கி மெமோரியல்' என்ற காதல் விளையாட்டு. அதில் ஒரு பெண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவளுக்கென்று ஒரு குண்டு தோன்றும். அது வெடித்தால் மற்றவர்களும் நம்மைப் பற்றித் தப்பாக நினைப்பார்கள். மனஸ்தாபத்துக்கே ஒரு கணக்கு!

விஷுவல் நாவல்களில் பல, வயது வந்தோருக்கு மட்டும் என்று வருபவை. கணினி மென்பொருள்களுக்கென்று 1992-இல் ஜப்பானில் ஒரு நெறிமுறை அமைப்பே தொடங்கினார்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது என்று பெட்டியில் முத்திரை இருக்கும். அந்தச் சமாச்சாரத்தை எழுத நான் வரவில்லை. நான் விளையாடியது 2004-இல் எல்லா வயதினருக்குமாக வந்த 'க்ளானட்'. ஆனால் 18-ஐத் தாண்டியவர்களுக்கான ஒரு விளையாட்டின் கதையைக் கேள்விப்பட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

நைட்ரோபிளஸ் நிறுவனம் 2013-இல் வெளியிட்டது அது. பெயர் 'கிமி தொ கனொஜொ தொ கனொஜொ நோ கோய்'. ஆரம்பத்தில் கலகலப்பான காதல் நகைச்சுவைதான். மியுகி, அவோய் என்று இரண்டு நாயகிகள். முதல் சுற்றில் மியுகியிடம் என்றென்றும் உன்னோடுதான் என்று சொல்லி முடிக்கிறோம். அப்புறம் வழக்கம்போல மறுபடியும் தொடங்கி அவோய் பக்கம் போகிறோம். இந்த வகை விளையாட்டுகளில் எல்லாரும் செய்வதுதான். எல்லா வழியையும் பார்த்தால்தான் முழுசாக முடித்ததாகக் கணக்கு.

ஆனால் இங்கே மியுகிக்கு ஞாபகம் இருக்கிறது. கதாநாயகனைத் தாண்டி, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நம்மையே பார்த்துக் கேட்கிறாள், அன்றைக்குச் சொன்னது என்ன ஆச்சு என்று. சேவ், லோட் இரண்டும் நம் கையை விட்டுப் போகின்றன. கடைசியில் இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது விளையாட்டு. தேர்ந்தெடுத்த பிறகு, மற்ற முடிவையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று திரும்பிப் போக வழி இல்லை.

இதை என் அறைத் தோழனிடம் சொன்னேன். "டேய், அது வெறும் படம்டா. படத்துக்குக் கொடுத்த வாக்கெல்லாம் வாக்கா?" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மியுகிக்கு வலிக்காது. நாங்கள்கூட எதையும் கட்டுவதற்கு முன்னால் கணினியில் பாவனையாகச் செய்து பார்க்கிறோம். அங்கே நூறு பாலம் உடைந்தாலும் பாவம் இல்லை. அதற்காகத்தானே பாவனை?

நானும் அப்படித்தான் நினைத்தேன், போன செமஸ்டர் வரைக்கும்.

ஒரு குழுப் பணிக்கு வகுப்புத் தோழி ஒருத்தி, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து செய்வோமா?" என்று கேட்டாள். "கண்டிப்பா" என்றேன். நான்கு நாள் கழித்து, நல்ல மதிப்பெண் வாங்கும் இன்னொரு குழுவில் ஓர் இடம் காலியானது. "சாரி லா, நாம இன்னும் உறுதியா பேசலையே" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு அங்கே போய்விட்டேன். அவள் சண்டை போடவில்லை. அதனால் விஷயம் முடிந்தது என்று நானும் நினைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து ஆய்வுக்கூட வாசலில் பார்த்தபோது, "நீ கண்டிப்பான்னு சொன்ன. எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்குத்தான் உறைத்தது. நான் செய்தது லோட். அவளிடம் பேசிய நாளுக்கு முன்னால் போய், வேறு வழியைத் தட்டியிருக்கிறேன். ஒரே வித்தியாசம், அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். நான் வேறு குழுவுக்குப் போனபோது மற்ற எல்லாரும் ஏற்கெனவே ஜோடி சேர்ந்துவிட்டார்கள். கடைசியில் அவள் தனியாகத்தான் செய்தாள்.

பாவனையில் நாம் சோதிப்பது உத்தரத்தை. உத்தரம் நம்மை நம்பிக் காத்திருப்பதில்லை, மனிதர்கள் காத்திருப்பார்கள். ஆட்டோகேட்டில் கோடு தப்பினால் கண்ட்ரோல்-இஸட் போதும். தளத்தில் கான்கிரீட் ஊற்றி, 28-ஆம் நாள் சோதனையில் வலு போதவில்லை என்று தெரிந்தால், இடித்துக் கட்டுவது வரைக்கும்கூடப் போகும். சொன்ன சொல்லும் அப்படி இறுகக்கூடியது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். எதிரில் இருப்பவருக்கு ஞாபகம் இல்லை என்றால்? அப்போதும் ஒருவருக்கு ஞாபகம் இருக்கும், சொன்னவருக்கு. மியுகி மறந்துதான் இருப்பாள் என்று நம்பி ஆடிய ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும், தான் என்ன சொன்னோம் என்பது நன்றாகவே தெரியும். மீறியது தெரிந்தும் எதுவும் ஆகவில்லை என்று பழகிப் போவதுதான் ஆபத்து. என் வாய்க்கு 'கண்டிப்பா' அவ்வளவு சுலபமாக வந்ததே அந்தப் பழக்கத்தால்தான். விளையாட்டின் மேல் பழி போட மாட்டேன். பழக்கத்தை வளர்த்தது நான்.

பெட்டியில் இருக்கும் முத்திரை நம் வயதை மட்டும்தான் பார்க்கிறது. எனக்கு 18 ஆகி மூன்று வருஷம் ஆகிறது. ஆனாலும் 'வயது வந்தவன்' என்று சொல்லிக்கொள்ள அன்றைக்குக் கூச்சமாக இருந்தது. திரும்பிப் போக முடியாத ஒரு தேர்வைச் செய்து, அதோடு இருந்து காட்டுகிறவரைத்தானே அப்படிச் சொல்ல வேண்டும்?

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல லா" என்றாள். இப்போதும் சிரித்துப் பேசுகிறாள். ஆனால் அடுத்த குழுப் பணிக்கு என்னைக் கேட்கவில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவள் செய்தது சரிதான். நான் செய்யக்கூடியது ஒன்றுதான். இப்போதெல்லாம் யாராவது கேட்டால், "நாளைக்குச் சொல்றேன்" என்கிறேன். யோசித்துவிட்டு 'சரி' என்று சொன்னால் அந்த இடத்தில் இருக்கிறேன்.

நீங்களும் இன்று ராத்திரி போனைத் திறந்து, நீங்கள் 'கண்டிப்பா' என்று அனுப்பிய செய்திகளை ஒருமுறை பாருங்கள். அவற்றில் எத்தனை பேர் இன்னும் காத்திருக்கிறார்கள்?