நித்திரையில் வந்த முடிவு

அந்தச் சிறுகதை மூன்று வாரமாக முடிவில்லாமல் என் மேசையில் கிடந்தது. வாப்பாவின் காணி உறுதியை அடுப்பில் போடுவதா, வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் ஒருவன் குசினி வாசலில் நிற்கிறான். நானும் அவனோடு நின்றேன். ஒரு நாள் சுபஹு பாங்குக்குச் சற்று முன்னர் விழித்தேன். முடிவு வந்திருந்தது. அவன் உறுதியை எரிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் தன் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான்.

கதை வெளிவந்தபோது பலரும் அந்த முடிவைத்தான் பாராட்டினார்கள். நானும் கூச்சமில்லாமல் ஏற்றுக்கொண்டேன்.

நித்திரை இப்படிச் செய்யும் என்பது புதிய செய்தியல்ல. ஜெர்மனியின் லூபெக் நகரில் செய்து 2004இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், மறைந்த குறுக்குவழியுள்ள எண் கணக்கொன்றைப் பழகிவிட்டு எட்டு மணி நேரம் உறங்கியவர்களில் 59 வீதமானோர் அவ்வழியைக் கண்டுபிடித்தனர். விழித்திருந்தவர்களில் 23 வீதமானோரே கண்டனர். முன்பு கணக்கைப் பழகாமல் உறங்கியவர்களுக்கோ நித்திரையால் பயன் கிட்டவில்லை. போட்டதைத்தான் அது புரட்டிப் பார்க்கிறது.

தவளை இதயத்தை வைத்து நரம்பின் இரசாயனத் தொடர்பை நிறுவி, 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஒட்டோ லோவியின் கதையும் இதுவே. பரிசோதனையின் வடிவம் அவருக்கு நித்திரையில் வந்தது. முதல் இரவு கிறுக்கி வைத்ததைக் காலையில் அவராலேயே வாசிக்க முடியவில்லை. மறு இரவு அது திரும்பி வந்தபோது எழுந்து நேரே ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டார். ஆனால் அந்தக் கருத்தை 1903இலேயே ஒருவரோடு பேசி, பின்னர் மறந்திருந்தார்.

நானும் மறந்திருந்தேன். நான் மறந்தது இன்னொருவர் பேசியதை. கதை வந்து சில மாதங்களின் பின் இளம் நண்பரொருவர் தொலைபேசியில் சிரித்தார்: “நானா, நான் எழுத வெச்சிருந்தத நீங்க எழுதிட்டீங்க.” கூட்டமொன்றின் பின் தேநீர்க் கடையில் அவர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

உறங்குகிறவர் விழிக்கும்வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்று நாம் அறிவோம். அதற்குள் ஒதுங்கப் பார்த்தேன். திருடியது நித்திரை, நானல்ல என்று. அப்படியானால் பாராட்டும் நித்திரைக்குத்தானே? அதை மட்டும் விழித்திருந்து வாங்கிக்கொண்டேன். கொப்பியை எடுத்து எழுதிய கையும் விழித்திருந்த கைதான்.

தொகுப்பில் அவருடைய பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.

“பேரெல்லாம் வேணாம் நானா,” என்றார். “அந்த உறுதியில கணக்குப் படிச்ச பிள்ளை நான்தான்.”