சேர்த்துவிட்டவரின் பொறுப்பு

நெட்வொர்க் மார்க்கெட்டிங் பற்றிப் பேச்சு வந்தால் நாம் பெரும்பாலும் மேலே இருப்பவர்களைப் பற்றியே பேசுகிறோம். எந்த நிறுவனத்தின் சொத்தை அமலாக்கத் துறை முடக்கியது, யார் கைதானார், யார் எவ்வளவு சம்பாதித்தார் என்பவையே செய்தியாகின்றன. நேற்று ஐடி போட்டுச் சேர்ந்தவர் இன்று காலை எழுந்து என்ன செய்கிறார், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்கிறார், பதில் சொல்பவருக்கு அந்தப் பதிலால் என்ன வரவு என்பது செய்தியாவதில்லை. ஆனால் இந்தத் தொழில் நியாயமானதா இல்லையா என்பது அந்த இடத்தில்தான் தெரியவரும். புதிதாக வந்தவரைக் கைதூக்கிவிடுவதே எங்கள் தொழில் என்று இதில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்தச் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டு, கைதூக்கிவிடுவது என்றால் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிலில் புதியவருக்குக் கிடைக்கும் கவனிப்பு பலருக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. திருமணத்தோடு வேலையை விட்டவர், பட்டம் வாங்கி நான்கு வருடமாக வீட்டில் இருப்பவர், ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து யாரும் ஃபோன் செய்யாதவர், இப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் இதற்குள் வருகிறார்கள். வந்த முதல் வாரமே தினமும் காலையில் ஒருவர் அழைத்து நலம் விசாரிக்கிறார். பிறந்த நாளுக்கு இருபது பேர் வாழ்த்து அனுப்புகிறார்கள். மண்டபத்தில் மேடையேற்றி, மைக்கைக் கையில் கொடுத்து, நடுங்கும் குரலில் பேசிய நான்கு வாக்கியத்துக்கு எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். நம் அலுவலகங்களிலும் கடைகளிலும் புதிதாகச் சேர்ந்தவருக்கு யாரும் உட்கார வைத்துப் பொறுமையாக எதையும் சொல்லித்தருவதில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள் என்பதுதான் நம் வழக்கம். வளர்ந்த மனிதரை ஊக்கப்படுத்துவதை வீடுகள் எப்போதோ நிறுத்திவிட்டன. அந்தப் பசியோடு வருபவருக்கு சேர்த்துவிட்டவரின், அதாவது அப்லைனின், ஒரு நல்ல வார்த்தை பெரிய விஷயம். அதைக் கேலி செய்ய நமக்கு உரிமையில்லை.

ஆனால் அந்தக் கவனிப்புக்குள் என்ன கற்றுத்தரப்படுகிறது என்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். முதல் பாடம் நேம் லிஸ்ட். கோடு போட்ட நோட்டில் நூறு பெயர் எழுதச் சொல்கிறார்கள். அண்ணன், நாத்தனார், சித்தி மகன், பக்கத்து வீட்டு அம்மா, பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர், பிள்ளையின் டியூஷன் டீச்சர் என்று எழுதிக்கொண்டே போனால் ஐம்பதாவது பெயருக்கு மேல் பேனா நின்றுவிடும். யோசித்து யோசித்து நிரப்புகிறார்கள். இரண்டாவது பாடம் அழைப்பது எப்படி என்பது. ஃபோனில் பிளானைச் சொல்லாதீர்கள், கம்பெனி பெயரையும் சொல்லாதீர்கள், ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது, நேரில் வாருங்கள் என்று மட்டும் சொல்லுங்கள் என்பது பாடம். தன்மேல் உண்மையான நம்பிக்கை வைத்திருக்கும் நூறு பேரைத் தேடி எழுதச் சொல்லிவிட்டு, அவர்களிடம் முழு விவரத்தைச் சொல்லாதே என்று மறுநாளே சொல்லித்தருவதைப் பயிற்சி என்கிறார்கள். கற்றுக்கொள்பவரின் உள்ளுணர்வு முதல் தடவை முரண்டுபிடிக்கும். எல்லாருக்கும் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகிவிடும் என்று தைரியம் சொல்கிறார்கள். சரியாகிவிடவும் செய்கிறது. சரியாகிவிடுவதுதான் இதில் கவலைப்பட வேண்டியது.

அடுத்து மாதக் கடைசி, வாங்கிய பொருளுக்கான பாயிண்ட் கணக்கை முடிக்கும் நேரம். இருபத்தெட்டாம் தேதி இரவு ஒன்பதரை மணிக்கு அழைப்பு வருகிறது. “அக்கா, இன்னும் நாற்பது பாயிண்ட்தான் குறையுது. நீங்களே ஒரு பவுடர் டப்பா எடுத்துட்டீங்கன்னா ரெண்டு பேருக்குமே நல்லது.” அழைப்பவர் பொய் சொல்லவில்லை. எடுத்தால் இருவரின் கணக்கிலும் புள்ளி ஏறும். ஆனால் போன மாதம் எடுத்த டப்பாவே பீரோவின் கீழ்த்தட்டில் பிரிக்காமல் இருக்கிறது. பக்கத்தில் பற்பசைகளும், காலாவதித் தேதி நெருங்கும் சத்து மாத்திரைகளும் இருக்கின்றன. உறவினர்கள் முதல் தடவை வாங்கினார்கள், மொய் எழுதுகிற மாதிரி முகத்துக்காக. மொய்க்காவது நோட்டு உண்டு, நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். இங்கே இரண்டாவது தடவை கேட்டால் உறவு கொஞ்சம் விலகி நிற்கிறது. வெளியே விற்க முடியாத சரக்கைத் தானே வாங்கிக்கொண்டு, அதையே வியாபாரம் என்று நம்பும் நிலைக்குப் புதியவர் வந்து சேர்கிறார். அப்படி வாங்க வைப்பதற்கும் இந்தத் தொழிலில் ஆதரவு என்றுதான் பெயர்.

இதற்கான காரணத்தைத் தனிமனிதர்களின் பேராசையில் மட்டும் தேடினால் விஷயம் பிடிபடாது. கணக்கைப் பார்க்க வேண்டும். ஒருவர் ஐந்து பேரைச் சேர்த்து, அந்த ஐவரும் ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டே போனால், 11ஆவது அடுக்குக்கு மட்டும் 4.88 கோடிப் பேர் வேண்டும். 12ஆவது அடுக்குக்கு 24.4 கோடிப் பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடிதான். இந்த அடுக்குக் கணக்கு பலரும் ஏற்கெனவே சொன்னதுதான். எல்லோரும் சேரப்போவதில்லையே என்று தொழிலில் இருப்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பதிலை ஏற்றுக்கொண்டு, ஐந்தே அடுக்கோடு நிறுத்திப் பார்ப்போம். மேலே இருக்கும் ஒருவரையும் சேர்த்து மொத்தம் 3,906 பேர். அவர்களில் 3,125 பேர் கடைசி அடுக்கில் இருக்கிறார்கள். அதாவது நூற்றுக்கு எண்பது பேருக்குக் கீழே யாருமே இல்லை. அடுக்கு கூடினாலும் குறைந்தாலும் இந்த விகிதம் ஏறத்தாழ மாறாது. ஆகவே புதியவர்கள் என்போர் ஒரு டீமின் ஓரத்தில் இருக்கும் சிலரல்லர். எந்த நாளில் எண்ணினாலும் டீமின் பெரும்பகுதி அவர்கள்தான். அவர்களுக்கு டீமின் வழியாகக் கமிஷன் வராது. தாம் வெளியாருக்கு விற்கும் பொருளிலிருந்து மட்டுமே வருமானம் வர முடியும். அந்த விற்பனை நடக்கவில்லையென்றால், மேலே போகும் பணம் அவர்கள் கையிலிருந்து போன பணம்தான்.

வெளியாருக்கு விற்பதற்கும் உள்ளே இருப்பவரையே வாங்க வைப்பதற்கும் இடையே சட்டமும் பல ஆண்டுகளாகக் கோடு வரைய முயல்கிறது. ஆம்வே நிறுவனம், ஆள் சேர்ப்பதிலிருந்தே பணம் தரும் பிரமிட் திட்டம் அல்ல என்று 1979இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் தீர்ப்பளித்தபோது, அந்த நிறுவனம் தனக்கு வைத்திருந்த சில விதிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. வாங்கிய சரக்கில் 70 சதவீதத்தை விற்ற பிறகே மேற்கொண்டு வாங்குவது, மாதம் பத்து வாடிக்கையாளருக்காவது விற்பது, விலகுபவரின் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்வது ஆகியவை அந்த விதிகள். 2016இல் இன்னொரு நெட்வொர்க் நிறுவனமான ஹெர்பாலைஃப் 20 கோடி டாலர் கொடுத்து அதே கமிஷனுடன் சமரசம் செய்துகொண்டபோதும், ஊக்கத்தொகையை மெய்யான விற்பனையோடு பிணைக்கும்படி தன் முறையையே மாற்ற வேண்டியிருந்தது. 2024இல் அந்தக் கமிஷனின் அலுவலர்கள் 70 நிறுவனங்களின் வருமான அறிக்கைகளைப் படித்துப் பார்த்தார்கள். பங்கேற்றவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு ஆயிரம் டாலரோ அதற்கும் குறைவாகவோதான் கிடைத்திருந்தது. செய்த செலவு அதில் கழிக்கப்படவில்லை. இந்தியாவில் பணச் சுழற்சித் திட்டங்களைத் தடுக்கும் சட்டம் 1978லேயே வந்துவிட்டது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் பிரமிட் திட்டங்களைத் தடைசெய்ததோடு, சேர்ந்தவர் குறிப்பிட்ட காலத்துக்குள் அபராதமின்றி விலகிக்கொள்ளவும் வழி வைத்தன. தான் சேரும் நாளில் இப்படியொரு உரிமை தனக்கு இருப்பதை அறிந்த புதியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் இருப்பவர் அவரைச் சேர்த்துவிட்டவர். சொன்னால் தன் எண்ணிக்கை குறையுமோ என்ற அச்சமும் அவருக்கே இருக்கிறது.

இங்கேதான் இந்தத் தொழிலின் ஆழமான முரண் இருக்கிறது. ஓர் ஆசிரியரிடம் படிக்கும் மாணவர் பாடத்தை விட்டுப் போனால் ஆசிரியரின் சம்பளம் குறைவதில்லை. நெட்வொர்க்கில் வழிகாட்டுபவரின் வருமானம், வழி கேட்பவர் தொடர்ந்து வாங்குவதையும் தொடர்ந்து ஆள் சேர்ப்பதையும் நம்பியிருக்கிறது. ஆகவே புதியவருக்கு எது நல்லது என்ற கேள்வியும், தனக்கு எது நல்லது என்ற கேள்வியும் அவர் மனதில் கலந்துவிடுகின்றன. அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. பெரும்பாலும் அவரும் போன வருடத்துப் புதியவர்தான். அவர் பீரோவிலும் டப்பாக்கள் இருக்கின்றன. அவருக்கு மேலே இருப்பவர் இருபத்தெட்டாம் தேதி எட்டரை மணிக்கு அவரை அழைத்திருப்பார். தனக்குச் சொல்லப்பட்டதை அவர் ஒரு மணி நேரம் கழித்துத் தனக்குக் கீழே இருப்பவருக்குச் சொல்கிறார். அவர் காட்டும் பாசம் பொய்யில்லை. அந்தப் பாசத்துக்கு வேறு வேலையும் கொடுத்திருக்கிறார்கள்.

அதைவிடக் கொடியது, தோல்வியைப் பங்கிடும் முறை. ஜெயித்தால் சிஸ்டம் ஜெயித்தது, தோற்றால் நீங்கள் சரியாக உழைக்கவில்லை. சந்தேகம் கேட்டால் நெகடிவ். கணக்குக் கேட்கும் கணவர் நெகடிவ், தடுக்கும் அப்பா நெகடிவ், அவர்களோடு அதிகம் பேசாதீர்கள் என்பதும் பயிற்சியில் வருகிறது. பணம் போன பிறகு அந்தப் புதியவர் போய் நிற்பதற்கு இருக்கும் ஒரே இடம் அந்தக் கணவரும் அப்பாவும்தான். அந்த வழியை முன்பே அடைத்துவிடுகிறார்கள். தன்னையே குறைசொல்லிக்கொண்டு சத்தமில்லாமல் விலகுபவர்களின் கணக்கு எந்த மேடையிலும் வாசிக்கப்படுவதில்லை. விலகாதவர்களோ, தாம் நம்பியதைக் காப்பாற்றத் தெருவுக்கே வருகிறார்கள். செல்ஃபோனில் விளம்பரம் பார்த்தால் வருமானம் என்று சொல்லி ஆள்சேர்த்த ஒரு நிறுவனத்தின் மீது போலீஸ் வழக்குப் பதிந்தபோது, 2024 ஜனவரியில் கோவையை அடுத்த நீலாம்பூரில் அந்த நிறுவனத்துக்கு ஆதரவாக ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சேமிப்பையும், சொந்தக்காரர்களிடம் கொடுத்த வாக்கையும் ஒரே இடத்தில் வைத்தவர்களுக்கு நம்புவதைத் தவிர வேறு வழியை யாரும் விட்டுவைக்கவில்லை என்பதையும் அந்தக் கூட்டத்தில் பார்க்க முடிந்தது.

அப்படியானால் சேர்த்துவிட்டவர் செய்யக்கூடிய நல்ல காரியம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அது சேருவதற்கு முன்பே தொடங்க வேண்டும். பிளான் போடும் வெள்ளைப் பலகையில் வரையும் வட்டங்களுக்கு முன், தன் கணக்கைக் காட்ட வேண்டும். வந்த கமிஷன் மட்டும் போதாது. தான் வாங்கிய பொருள், கூட்டத்துக்கு எடுத்த டிக்கெட், பெட்ரோல், வந்தவர்களுக்கு வாங்கிக்கொடுத்த டீ வரை கழித்த பிறகு நிற்கும் தொகையைக் காட்ட வேண்டும். அது மைனஸாக இருந்தால் மைனஸ் என்றே சொல்ல வேண்டும். நகையை அடகு வைத்தோ, மகளிர் குழுக் கடனை எடுத்தோ சரக்கு வாங்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரைத் தடுப்பதுதான் வழிகாட்டியின் முதல் வேலை. சர்க்கரை நோயாளியிடம் இந்தப் பவுடர் மாத்திரையை நிறுத்திவிடும் என்று சொல்லப் பழக்குவது ஒருவர் உயிரோடு விளையாடுவது. அதைப் புதியவரின் வாயிலிருந்து வரவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொருள் நல்லதாக இருந்தால், கூட்டத்துக்கும் டீமுக்கும் சம்பந்தமில்லாத ஒருவர் அதே விலைக்கு அதை மறுபடி வாங்குகிறாரா என்று பார்க்கச் சொல்லித்தர வேண்டும். அப்படி மூன்று மாதத்தில் யாரும் வாங்கவில்லையென்றால், அந்தப் பதிலைப் புதியவரின் குறையாக்காமல் சந்தையின் பதிலாக எடுத்துக்கொள்ளப் பழக்க வேண்டும்.

விலக நினைப்பவரோடு நடந்துகொள்வதில்தான் மற்ற எல்லாம் வெளிப்படும். எந்தச் சரக்கைத் திருப்பலாம், எந்தத் தேதிக்குள், எந்தப் பில் வேண்டும் என்று கூட உட்கார்ந்து பார்த்து, பணம் அவர் வங்கிக் கணக்குக்கு வந்ததா என்று கேட்கும் அப்லைன்கள் அபூர்வமாகவேனும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அதில் ஒரு பாயிண்ட்டும் கிடைக்காது, இருக்கும் பாயிண்ட்டும் போகும். நிறுவனங்கள் இதை அவர்களுடைய நல்ல மனதுக்கு விட்டுவிடக் கூடாது. புதியவரைப் பயிற்றுவிப்பதற்கான கூலியை அவர் வாங்கும் பொருளிலிருந்து பிரித்துத் தனியாகக் கொடுக்க நிறுவனங்களுக்கு வசதி இருக்கிறது. விலகும் உரிமையைச் சேர்க்கைப் படிவத்தின் முதல் பக்கத்தில் தமிழில் அச்சிடவும் வசதி இருக்கிறது. நேரடி விற்பனையைக் கண்காணிக்கும் பொறுப்பு மாநில அரசுகளுக்கும் தரப்பட்டிருப்பதால், நாம் அரசிடமும் இதைக் கேட்கலாம்.

அதுவரை, யாரையாவது சேர்த்துவிட்டவர்கள் தங்களால் முடிந்ததைச் செய்யட்டும். உண்மைக் கணக்கைப் பார்த்த பிறகும் ஒருவர் சேர விரும்பினால் அவருக்குச் சொல்லித்தர நிறைய இருக்கிறது, விற்பனை ஒரு மரியாதையான தொழில்தான். கணக்கைப் பார்த்துவிட்டு அவர் வேண்டாம் என்று எழுந்து போனால், தங்களை நம்பி வந்த ஒருவருக்குச் செய்ய வேண்டியதை முழுமையாகச் செய்துவிட்டதாகவே அவர்கள் கொள்ள வேண்டும்.