நம்பிக்கை முயற்சி

பழைய கத்தோலிக்க செபப் புத்தகங்களில் மூன்று சின்னச் செபங்கள் அடுத்தடுத்து இருக்கும். விசுவாச முயற்சி, நம்பிக்கை முயற்சி, தேவசிநேக முயற்சி. ஞானோபதேச வகுப்பில் அவற்றைத் தடுமாறாமல் ஒப்பித்துப் பேர் வாங்கியவன் நான். ஆனாலும் அந்த 'முயற்சி' என்ற சொல் அங்கே என்ன செய்கிறது என்று நாற்பது வயது வரை யோசித்ததே இல்லை. நம்புவதற்கு எதற்கு முயற்சி? உள்ளே இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகுதான் அந்தச் சொல் எனக்குப் பிடிபடத் தொடங்கியது.

2019 தை மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொல்லங்கோட்டில் இரவு பகலாக அடித்துக்கொண்டிருந்தது. வயல் வரப்புப் பனைகளின் ஓலைச் சத்தத்தில் அடுப்படியில் அவள் விழுந்த சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் தரையில் கிடக்கிறாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. ஆறு மாதத்தில் பேச்சு கொஞ்சம் திரும்பியது. கை திரும்பவில்லை. தென்மலை தெரிகிற ஜன்னலோரம் கட்டிலை இழுத்துப் போட்டோம். மழைக்காலத்தில் அந்த மலையிலிருந்து அருவிகள் வெள்ளை நூலைத் தொங்கவிட்டதுபோல இறங்கும். "எங்க மலை மாதிரி வராதுய்யா. ஆனா மலைதானே" என்பாள்.

அவளுடைய மலை மூணாறு. அவளுடைய தாத்தா கயத்தாறு பக்கத்திலிருந்து கங்காணியின் பின்னால் மலையேறியவர். எஸ்டேட்டின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, மவுண்ட் கார்மல் கோயிலில் ஞானஸ்நானம் பெற்று, வயசுக்கு வந்ததும் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியவள் அம்மா. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாக்கப்பட்டு இறங்கி வந்தபோது ஒரு தகரப் பெட்டியும் ஒரு கம்பளியும் கொண்டுவந்தாள். கொல்லங்கோட்டு வெயிலில் யாருக்குக் கம்பளி வேண்டும்? ஆனாலும் வருடா வருடம் மழை விட்டதும் அதை எடுத்து வெயிலில் போடச் சொல்வாள். "கம்பளி வெயில் காணாட்டி செத்துப்போகும்" என்பது லயத்துப் பேச்சு.

தமிழ்நாட்டு எல்லைக்கு இந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி வட்டாரத்தில் தமிழில் பூசை காணும் குடும்பங்கள் நிறைய உண்டு. எங்களைப் போன்றவர்களுக்காகத்தான் 2013 டிசம்பர் 28 அன்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானது. கோயில் பூசையில் இப்போது புதிய மொழிபெயர்ப்புதான். பழைய விசுவாசம் அதில் 'நம்பிக்கை' ஆகிவிட்டது, பழைய நம்பிக்கை 'எதிர்நோக்கு' ஆகிவிட்டது. 2025 யூபிலி ஆண்டு முழுக்க 'எதிர்நோக்கு' என்ற சொல்லைத்தான் கேட்டோம். அழகான சொல். வருகிறவரைப் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பதுபோல ஒரு சொல். அம்மாவிடம் அதைச் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பாள், ராத்திரி செபத்தில் பழையதையே சொல்லியிருப்பாள்.

அந்த ராத்திரிச் செபத்தில் ஒரு நாள், செபமாலை முடிந்து முயற்சிகள் தொடங்கின. விசுவாச முயற்சியைக் குழறிக் குழறி முடித்தாள். இரண்டாவதில் நின்றுவிட்டாள். ஞாபகம் தவறிவிட்டதோ என்று முதல் வார்த்தையை எடுத்துக்கொடுத்தேன். தலையை அசைத்தாள்.

"இன்னிக்கு என்னால முடியலய்யா. நீ சொல்லு. நான் கேக்கேன்."

அன்று எனக்கும் நம்பிக்கை என்று ஒன்றும் இல்லை. டாக்டர் காலையில்தான் இனி கை வராது என்று சொல்லியிருந்தார். ஆனாலும் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் 'ஆமென்' மட்டும் அவள் சொன்னாள்.

மாற்கு நற்செய்தியில் ஒரு முடக்குவாதக்காரனை நாலு பேர் கட்டிலோடு தூக்கிவருவார்கள். கூட்டத்தில் உள்ளே போக வழியில்லாமல் கூரையைப் பிரித்து அவனை இறக்குவார்கள். இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் என்ன நம்பினான் என்று ஒரு வார்த்தையும் இல்லை. எத்தனையோ ஞாயிறு அந்த வாசகத்தைக் கேட்டிருக்கிறேன். அம்மாவின் கட்டிலைத் திருப்பிப்போட நாங்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கிய ஒரு நாளில்தான் அது எனக்குள் இறங்கியது. ஒருவரால் நம்ப முடியாத நாளில் அவருக்காக இன்னொருவர் நம்பலாம்.

2020 ஆகஸ்ட் 7 காலை டிவியில் பெட்டிமுடி என்ற பெயர் வந்தது. அம்மா எழுந்து உட்காரப் பார்த்தாள்.

ராஜமலைக்கு அப்பால், நயமக்காடு எஸ்டேட்டின் பெட்டிமுடி டிவிஷன். ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை. 6ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு மேல் மேலிருந்த காடு சரிந்து நாலு லயங்களை அடித்துக்கொண்டு போனது. கரண்டும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. உயிர் தப்பியவர்கள் இருட்டில் கத்தியது மூணாறுக்கே விடிந்த பிறகுதான் தெரிந்தது. இறந்தவர்கள் 70 பேர். அவர்களில் நாலு பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பெரும்பாலும் கயத்தாற்றுச் சொந்தங்கள், அம்மாவின் ஊர்க்காரர்கள். கொரோனா காலம் வேறு. ஊரிலிருந்து ஆட்கள் வந்துசேர்வதே பெரும்பாடு. உடல்களைக் கயத்தாற்றுக்குக் கொண்டுபோக முடியவில்லை. ராஜமலையிலேயே பெரிய குழி தோண்டி அடக்கினார்கள்.

அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. லயம் எப்படி இருக்கும் என்று எனக்கு விவரித்துக்கொண்டே இருந்தாள். ஒரே வரிசை, ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். பக்கத்து வீட்டில் பிள்ளை இருமினால் இந்த வீட்டில் கஷாயம் வைப்பார்கள். "அங்க தனியா யாரும் சாக மாட்டாக. அதான் எல்லாரும் ஒண்ணாப் போயிட்டாக" என்றாள்.

அந்த நாட்களில் அம்மாவைப் பார்க்க வந்த ஒருவர் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, தேவன் காரணமில்லாமல் எதையும் செய்வதில்லை, பெட்டிமுடியிலும் ஒரு திட்டம் இருக்கிறது என்று பேசினார். நல்ல மனிதர்தான், ஆறுதல் சொல்லத்தான் வந்தார். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர் போன பிறகு ஒன்று கேட்டாள். "அந்தப் பிள்ளைகளப் பெத்தவ முன்னால இதச் சொல்லுவாரா?"

அந்தக் கேள்விக்குத் தாங்காத எந்த ஆறுதலையும் நான் அதன்பிறகு யாரிடமும் சொல்வதில்லை. யோபுவின் நண்பர்கள் மூவர் முதலில் ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. திருப்பாடல்கள் 150இல் எத்தனையோ, கடவுளே எங்கே போனாய் என்று அழுகிறவை. 88ஆம் பாடல் இருட்டைச் சொல்லி அப்படியே முடிந்துவிடுகிறது, கடைசியில் ஒரு துதிகூட இல்லை. அதையும் வேதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார்களே, அதை நினைத்தால் எனக்கு மூச்சு வருகிறது. அழுவதற்கு அனுமதி இல்லாத இடத்தில் நம்பிக்கைக்கும் இடமிருக்காது என்று நினைக்கிறேன்.

எட்டாம் நாள் டிவியில் பெட்டிமுடியில் ஒரு நாயைக் காட்டினார்கள். குவி. தன்னோடு விளையாடிய குழந்தையைத் தேடி ஆற்றோரமாக நாள்கணக்கில் அலைந்து, பாலத்தடியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அங்கே மரத்தில் சிக்கிக் கிடந்தது குழந்தையின் உடல். அம்மா அதைப் பார்த்துத்தான் முதல்முறையாக வாய்விட்டு அழுதாள். அழுது முடித்துக் கஞ்சி கேட்டாள்.

ஏழைகளுக்கு 'பொறுத்துக்கொள்' என்று மட்டும் போதிப்பது எனக்குச் சம்மதம் இல்லை, அம்மாவுக்கும் இருந்ததில்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் 'பெண்பிளை ஒருமை' என்று திரண்டு 20 சதவீத போனஸ் கேட்டு ஒன்பது நாள் ரோட்டில் உட்கார்ந்தபோது, இங்கிருந்து போனில் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் செய்தி கேட்டவள் அவள். செபமாலை உருட்டுகிற கைகள் அந்தக் கூட்டத்திலும் இருந்தன. அதுவும் ஒரு நம்பிக்கை முயற்சி என்றே அவள் நினைத்தாள் என்பது என் எண்ணம்.

பெட்டிமுடிக்கு அடுத்த தையில் என் முறை வந்தது. முதலமடையில் பாட்டத்துக்கு எடுத்த மாந்தோப்பு. நாட்டிலேயே முதல் மாம்பழம் எங்கள் பக்கத்தில்தான் சந்தைக்குப் போகும், அதனால்தான் விலை. அல்போன்சாவும் காலப்பாடியும் நன்றாகவே பூத்திருந்தன. பூவை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊர்கிற இலைப்பேன். மருந்துக்கு மேல் மருந்து அடித்தும் பத்து நாளில் பூங்கொத்து கருகி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மருந்துக் கடையில் பாக்கி, வட்டிக்கு வாங்கிய பணம், வீட்டில் அம்மா. தூக்கம் போயிற்று. தோப்புக் கிணற்றைக் கடக்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. எங்கள் வட்டாரத்தில் இப்படி நடக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சொல்லாமலே கண்டுபிடித்தவள் என் மனைவி. அவள் சொல்லி எங்கள் சாமியார் வந்தார். பைபிளை எடுப்பார் என்று பார்த்தேன். "கடைசியா எப்போ தூங்கினீங்க? எப்போ வயிறாரச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். மறுநாள் அவரே கூட வந்து டாக்டரிடம் உட்காரவைத்தார். திரும்பும் வழியில்தான் எலியாவைப் பற்றிச் சொன்னார். போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அப்பமும் ஒரு குடம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினான். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பிடவைத்தான் தூதன். நாற்பது நாள் நடை அதற்குப் பிறகுதான்.

மாத்திரையும் தூக்கமும் கஞ்சியும் ஆசீர்வாதம்தான் என்று அன்று ஒப்புக்கொண்டேன். அதுவரை எங்கள் வாயில் ஆசீர்வாதம் என்றால் புது வீடு, பையனுக்கு வேலை, நல்ல விளைச்சல். மலைப்பிரசங்கத்தில் இயேசு பேறுபெற்றவர்கள் என்று வரிசையாகச் சொல்லும்போது அழுகிறவர்களை அந்த வரிசையில் நிறுத்தியதை நாங்கள் கேட்டும் கேட்காததுபோல இருந்திருக்கிறோம்.

பிறகு ஒரு சிறைவாசியின் கதையைப் படித்தேன். சைகோனின் துணைப் பேராயர் வான் துவான் 1975இல் கைதாகிப் பதின்மூன்று வருடம் சிறையில் இருந்தார், அதில் ஒன்பது வருடம் தனிச்சிறை. வயிற்று மருந்து என்று சொல்லி வெளியிலிருந்து திராட்சை ரசத்தை வரவழைத்தார். உள்ளங்கையில் மூன்று சொட்டு ரசமும் ஒரு சொட்டுத் தண்ணீரும் விட்டுப் பூசை வைத்தார். வெளியே வருவோம் என்று அவருக்கு எந்த உறுதியும் இல்லை. தினமும் அந்த நாலு சொட்டு. இதைப் படித்தபோது அம்மாவின் இடது கைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் வீட்டில் வெளியே கிளம்புமுன் பெரியவர்களிடம் "சர்வேசுரனுக்கு ஸ்தோத்திரம்" என்று சொல்லிக் குனிவோம், அவர்கள் நெற்றியில் சிலுவை வரைந்து "ஆசீர்வாதம்" என்பார்கள். விழுந்த பிறகு அம்மா இதை நிறுத்திவிட்டாள். வலது கையால் வரைவதுதான் முறை என்று அவளுக்கு. தோப்பு கருகிய அந்த மாதத்தில் ஒரு விடியற்காலையில், செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டாள். குனிந்தேன். நடுங்குகிற இடது கை வந்தது. முதல் கோடு புருவத்தில் இடித்துக் காதுப்பக்கம் போயிற்று. இரண்டாவது கோட்டைப் போட அவளுக்கு வெகுநேரம் ஆனது. விரல் சில்லென்று இருந்தது, வேப்பெண்ணெய் வாடை அடித்தது. அதற்குப் பிறகு அவள் ஒரு நாளும் தவறவிடவில்லை.

அவசியமான பாக்கிகளை அடைக்க இரண்டு பருவம் பிடித்தது. அம்மாவின் கை கடைசிவரை வரவில்லை. 2022 ஆடியில், நோயில் பூசுதல் பெற்ற மூன்றாம் நாள், மழைச் சத்தத்துக்குள் போய்விட்டாள்.

ஆவணியில் மழை விட்டுச் சுள்ளென்று ஒரு வெயில் அடித்தது. யாரும் சொல்லாமலே மனைவி தகரப் பெட்டியைத் திறந்து கம்பளியை எடுத்துக் கொடியில் போட்டாள். சாயங்காலம் எடுத்து மடிக்கும்போது அதில் வெயிலின் சூடு இன்னும் இருந்தது. அன்றிரவு செபமாலை முடிந்து முதல் முயற்சியைச் சொன்னேன். இரண்டாவதில் என் குரல் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு என் மகள், அம்மாவின் இழுவையோடு, அந்த இடத்திலிருந்து எடுத்துச் சொன்னாள்.