உஜியில் நின்ற சிறுவாபுரியான்

அப்பனே, பாலசுப்பிரமணியா! உன் லீலா விநோதத்தை எவ்விதம் உரைப்பேன்! கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உலைகள் இராப்பகலாய்க் கனன்றுகொண்டிருக்க, கொல்கத்தா நெடுஞ்சாலையில் கனரக லாரிகள் ஓயாது ஓடிக்கொண்டிருக்க, அந்த இரைச்சலிலிருந்து சற்றே விலகி, வயல் சூழ்ந்த சிறுவாபுரி என்னும் சின்னம்பேட்டில், மரகத மயில் முன்னிற்க, அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிப் பரவிய சந்நிதியில் குளிர்ந்து நிற்கிறாயே! வாடகை வீட்டில் வதங்கும் ஜனங்களெல்லாம் ஆறு செவ்வாய்க்கிழமை விடாமல் வந்து, சொந்தமாய் ஒரு கூரை தா என்று உன்னிடம் கைகூப்புகிறார்கள். ஷிப்ட் முடிந்த களைப்போடு, கிரீஸ் வாடை போகாத கைகளோடு, அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். கேட்டது ஒரு சிறு வீடு. நீயோ, தொழில் நிமித்தம் என்று ஒரு சாக்கு வைத்து, என்னைக் கீழ்த்திசைக் கடலுக்கு அப்பால் ஜப்பான் தேசத்துக்கு அனுப்பிவைத்தாய்!

கியோட்டோ நகரின் ஃபுஷிமி இனாரி. கி.பி. 711-இல் தோன்றியதாகப் போற்றப்படும் புராதன க்ஷேத்திரம். மலையடிவாரம் முதல் சிகரம் வரை ஆயிரமாயிரம் செந்நிறத் தோரண வாயில்கள்! ஒவ்வொன்றும் யாரோ ஒரு பக்தரின் காணிக்கை. தந்தவர் பெயரும் நாளும் தூண்களின் பின்புறம் கறுப்பு எழுத்தில். நுழைவிடத்தில் கல்தொட்டி, தெள்ளிய தீர்த்தம், நீண்ட காம்புடைய அகப்பை. முன்னே சென்ற மூதாட்டியைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன்: முதலில் இடக்கை, பிறகு வலக்கை, உள்ளங்கையில் ஏந்திய நீரால் வாய். கடைசியில் அகப்பையை அவர் நிமிர்த்திப் பிடித்தார்; எஞ்சிய நீர் காம்பின் வழியே வழிந்து, அடுத்தவர் பற்றப்போகும் இடத்தைக் கழுவியது. ஆஹா! முன்பின் அறியாத ஒருவரின் கைக்காகவும் சுத்தி செய்யும் ஆசாரமே, உனக்கு என் நமஸ்காரம்! சந்நிதியில் காசு இட்டு, இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்கினேன். அந்தக் கரவொலியில் நெஞ்சின் தாழ் ஒன்று திறந்தது.

திறந்த நெஞ்சோடு அதே ரயில் தடத்தில் தெற்கே பயணமானேன். உஜி நகரின் மன்புக்குஜி, சீன தேசத்துத் துறவி இன்கென் 1661-இல் நிறுவிய ஜென் மடாலயம். தாழ்வாரத்தில் மரத்தில் செதுக்கிய பெருமீன் ஒன்று தொங்குகிறது; அதைத் தட்டித்தான் அங்கே வேளை அறிவிப்பார்கள். அங்கே ஒரு மண்டபத்தின் முன்புறம் பெருவயிறு குலுங்கச் சிரிக்கும் ஹோத்தேய் சிலை. வணங்கிப் பின்புறம் சென்றேன். சென்ற கால்கள் அப்படியே நின்றுவிட்டன.

கவசம் தரித்த கட்டிளம் காளை! தேவ சேனாபதியின் மிடுக்கு! பால் வடியும் முகம்! இதாத்தென் என்பது அங்கே அவன் திருநாமம். பாரதத்து ஸ்கந்தனே பௌத்தத்தோடு மலை கடந்து, சீனம் கடந்து, கடல் கடந்து இங்கே தர்மத்தின் காவலனாய் நிற்கிறான் என்கிறார்கள். கந்தா! நீயா? இங்கேயா?

வாய் குழறியது. கண்ணீர் பெருகியது. மடாலயங்களின் அடுக்களைக்கு அவனே காவல் தெய்வமாம். புத்தபிரானுக்கு அமுது திரட்டத் திசையெல்லாம் ஓடியவன் என்பது அவர்கள் வழக்கு. ஓடினவன் என்றதுமே எனக்கு உடல் சிலிர்த்தது! ஒரு கனிக்காக மயிலேறி அகிலம் முழுவதையும் வலம் வந்த பாலகன் அல்லவா நீ! அன்று உன் மயில் சூரியன் உதிக்கும் அந்தத் தீவுகளின் மேல் பறக்காமலா போயிருக்கும்? சிறுவாபுரியில் வீடு கேட்டவனை, உலகின் மறுகோடிக்கு இழுத்து வந்து, அடுப்படி காக்கும் கோலத்தில் எதிரே நின்று காட்டினாயே! என் மொழி அங்கே எவருக்கும் தெரியாது. என் பெயரைச் சொல்லி அழைப்பார் எவருமில்லை. ஆனாலும் பெற்றவன் வாசலில் நிற்கும் பிள்ளையாய் நின்றேன். நான் என்ற கர்வம், எனது என்ற கணக்கு, ஊர், உத்தியோகம், பட்டா, பத்திரம் எல்லாம் வெயில் பட்ட வெண்ணெயாய் உருகி ஓடின. எஞ்சியது நீ. நீ மட்டுமே!

ஊர் திரும்பிய பின் செவ்வாய்க்கிழமைதோறும் அதே கூட்டம், அதே வரிசை, அதே அரோகரா. உன் கருவறைத் தீபத்தில் உஜியின் கவசமும் ஒளிர்கிறது. நீ வள்ளியின் கரம் பற்றி நிற்கும் உற்சவக் கோலத்தில் அந்த வீரனின் புன்னகையும் மலர்கிறது. வீடு தருவாயானால் தா, ஐயா. அதன் அடுக்களைக் காவல் உனக்கே! தராவிட்டாலும் குறையில்லை. உன் எல்லைக்கு வெளியே நான் போய் நிற்க ஓர் இடம் இல்லை என்று கடல் கடந்து காட்டிவிட்டாய். இனி நான் எங்கே இருந்தால் என்ன? எடுத்துக்கொள், முருகா! என்னை முழுவதுமாய் எடுத்துக்கொள்!