கல்லறைப் பூச்சாடியில் நிற்கும் தண்ணீர்



நவம்பர் 2-ந் தேதி, உத்தரிக்கிற ஆத்துமாக்களின் நினைவு நாளன்று, கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் வைத்துப்போன பூக்கள் வாடிவிட்டன. சாடிகளில் தண்ணீர் மாத்திரம் நிற்கிறது. மழை அதை இன்னும் நிரப்பியிருக்கிறது. மரித்தவர்களுக்குக் காட்டிய அன்பு உயிரோடிருக்கிறவர்களுக்குக் கேடாய் முடியலாகாது என்றே இவ்வாரம் இதை எழுதுகிறோம்.

டெங்கு விஷக்கிருமியைச் சுமக்கும் ஏடீஸ் கொசு சாக்கடையைத் தேடுகிறதில்லை. சுத்தமான, அசையாத தண்ணீரே அதற்குப் பிரியம். கல்லறைச் சாடியும், மாதா கெபியின் பூச்சட்டியும், மூடாத சிமெண்டுத் தொட்டியும், மொட்டை மாடியில் கிடக்கும் கொட்டாங்கச்சியும் அதற்கு ஒன்றே. தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது. முட்டைகள் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்காய்க் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தேய்த்துக் கழுவ வேண்டும்.

கொள்ளைநோய்க் காலத்தில் அர்ச். செபஸ்தியாரை மன்றாடுவது நம் முன்னோர் வழக்கம். மன்றாடுங்கள். ஆனால் ஒரு நவநாள் முடிவதற்குள் முட்டை கொசுவாகிவிடும் என்பதையும் மறவாதேயுங்கள்!

இந்தக் கொசு பிறந்த இடத்தை விட்டு வெகுதூரம் பறக்காது. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடித்தது எங்கே பிறந்ததென்று தேட அடையாற்றங்கரை வரை போக வேண்டியதில்லை. ஐந்தாம் கற்பனை கத்தி எடுத்தவனுக்கு மாத்திரமே என்று எண்ணுகிறவர்கள் தங்கள் தொட்டியை எட்டிப் பார்க்கட்டும். அரசாங்கக் கணக்கின்படி 2012-ல் தமிழ்நாட்டில் 12,000-க்கு மேற்பட்டோருக்கு டெங்கு கண்டது. 66 பேர் மாண்டார்கள். 2017-ல் 23,000-க்கு மேல். மாண்டவர்கள் 65 பேர்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் நாளுக்குமேல் சுரம் தணிந்ததும் "பிள்ளை தேறிவிட்டான்" என்று பள்ளிக்கு அனுப்பிவிடாதீர்கள். சிலருக்கு அப்போதுதான் ஆபத்து. இரத்தத்திலுள்ள நீர் நாளங்களுக்கு வெளியே கசியும், நாடி தளரும், ஈறிலும் மூக்கிலும் இரத்தம் வரும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சில்லிட்ட கைகால், சோர்வு இவற்றில் ஒன்று கண்டாலும், இரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். இரத்தக் கசிவை அது அதிகப்படுத்தும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் தாராளமாய்க் கொடுங்கள். நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடியுங்கள். அதை நம்பி வைத்தியரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். "எனக்கு ஒருமுறை வந்து போயிற்று" என்பாரும் உண்டு. இக்கிருமியில் நான்கு வகை. இரண்டாந்தரம் வேறு வகை தொற்றினால்தான் பெரும்பாலும் கொடுமை அதிகம்.

நம் கிண்டியிலுள்ள கிங் நிலையம் 1899-ல் தொடங்கி, பெரியம்மைக்குப் பால் தயாரித்துக் கொடுத்தது. அந்நோய் பூமியிலிருந்தே ஒழிந்ததென்று 1980-ல் அறிவித்தார்கள். இன்று அதே நிலையத்தில் டெங்குவுக்கு இரத்தம் சோதிக்கிறார்கள். ஆனால் உள்ளே புகுந்த டெங்குக் கிருமியைக் கொல்லும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. தேங்காய் நார்தான் இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை காலைப் பூசைக்குப்பின் கல்லறைத் தோட்டத்தில் கூடுவோம். வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். நாரும் வாளியும் கொண்டுவாருங்கள். சாடிகளை நிரப்ப மணல் இறக்கி வைத்திருக்கிறோம். இனி பூவை ஈர மணலில் செருகலாம். கேட்பாரற்ற கல்லறைகளின் சாடிகளை வாலிபர் சபையார் பார்த்துக்கொள்வார்கள்.